2019-இல் மயங்கி விழுந்தீர்களா?

கனடாவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க அக்கா மகன் எழுதிய கடிதம் அது. "ஒரு தடவை பாத்துடுங்க சித்தி" என்று அனுப்பியிருந்தான். முதல் வரியே 'ஐ பாஸ்டு அவுட் இன் 2019'. அங்கே இருப்பவர் காதில் இது "நான் 2019-இல் மயங்கி விழுந்தேன்" என்றுதான் விழும். குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடப்பதற்கும் இதே சொல்தான் என்பது இன்னும் வம்பு.

நம் ஊரில் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வேலை விளம்பரங்களிலேயே '2023 பாஸ்அவுட்' என்று போடுகிறார்கள். உள்ளூர் நிறுவனத்துக்கு எழுதுவதென்றால் அப்படியே விட்டுவிடலாம் என்பேன். வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்தில் 'ஐ கிராஜுவேட்டட் இன் 2019' என்று எழுதுங்கள். கல்லூரிப் பெயரைச் சேர்த்தால் அதற்கு முன் 'ஃப்ரம்' வேண்டும். பள்ளிப் படிப்பு முடித்ததற்கு 'ஃபினிஷ்ட் ஸ்கூல்' போதும். அமெரிக்கர்கள் அதற்கும் 'கிராஜுவேட்' என்பார்கள், பிரிட்டனில் அது பெரும்பாலும் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான்.

ராணுவப் பயிற்சி முடித்து வெளியே வருவதை மட்டும் பிரிட்டிஷ்காரர்களும் 'பாஸ் அவுட்' என்றே சொல்கிறார்கள். சென்னை பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி அகாடமி நடத்தும் 'பாசிங் அவுட் பரேடு' இந்தப் பொருளில்தான். அந்த வெயிலில் விறைப்பாக நின்றால் இரண்டு பொருளும் ஒரே நாளில் பலித்துவிடும்!

மயக்கத்தைச் சொல்லும்போது 'தி ஹீட் பாஸ்டு ஹிம் அவுட்' என்று எழுதாதீர்கள். வெயிலில் மயங்கினான் என்பதற்கு 'ஹி பாஸ்டு அவுட் இன் தி ஹீட்' என்றால் போதும். ஆனால் தாள்களை ஆளுக்கொன்றாகக் கொடுப்பது என்ற பொருளும் இந்தச் சொல்லுக்கு உண்டு. அப்போது 'பாஸ் அவுட் தி பேப்பர்ஸ்', 'பாஸ் தி பேப்பர்ஸ் அவுட்' இரண்டும் சரி. பேப்பர்ஸ் போய் 'தெம்' வந்துவிட்டால் அது நடுவில்தான் உட்காரும்: 'பாஸ் தெம் அவுட்'.

விடுப்புக் கடிதத்தில் ரொம்பவே கவனம் தேவை. தாத்தா இறந்துவிட்டார் என்றால் 'பாஸ்டு அவே'. 'பாஸ்டு அவுட்' என்று எழுதினால் தாத்தாவுக்கு வெறும் மயக்கம்தான். தண்ணீர் தெளித்தால் எழுந்துவிடுவார், எதற்கு மூன்று நாள் லீவு என்று மேலாளர் கேட்கலாம்.

சரி, அக்கா மகனுக்கு வருவோம். முதல் வரியைத் திருத்தி அனுப்பினான். இரண்டாவது வரி 'ஐ பாஸ்டு இன் ஆல் சப்ஜெக்ட்ஸ்'. 'எல்லாப் பாடத்திலும் பாஸ்' என்று தமிழில் நினைத்து எழுதியதால் அந்த 'இல்' அப்படியே 'இன்' ஆகிவிட்டது. அதை எடுத்துவிட்டு 'ஐ பாஸ்டு ஆல் மை சப்ஜெக்ட்ஸ்' என்று மாற்றச் சொன்னேன்.