என்ஐசியூ-ல (பச்சிளங்குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சை பிரிவு) இருக்குற குறைமாச குழந்தைகிட்ட பேசலாமா? தாராளமா பேசுங்க

குறைமாசத்துல பொறந்த குழந்தை இன்குபேட்டர்ல தூங்கிட்டேதான இருக்கு, அதுக்கு என்ன கேக்கப்போகுதுன்னு நிறைய பேர் வாயே திறக்காம பாத்துட்டு வந்துடுறாங்க. ஆனா கர்ப்பத்துல 25-28 வாரத்துலயே சத்தம் கேக்க ஆரம்பிச்சிடும், வயித்துக்குள்ள இருந்திருந்தா அம்மா குரல் கேட்டுட்டே இருந்திருக்கும், இங்க மானிட்டர் அலாரம்தான் அதிகம். 2014-ல வந்த ஒரு ஆய்வுல, என்ஐசியூ-ல பெரியவங்க பேச்சை அதிகமா கேட்ட குழந்தைங்க 18 மாசத்துல மொழி டெஸ்ட்ல நல்லா ஸ்கோர் பண்ணிருக்காங்க.

கங்காரு கேர் (தோலோட தோல் படுற மாதிரி குழந்தையை அணைச்சுக்குறது) நேரம்தான் இதுக்கு பெஸ்ட், நெஞ்சோட அணைச்சு வச்சிருக்கும்போது மெதுவா, சாதாரணமா பேசுங்க, கதை படிங்க, தாலாட்டு பாடுங்க, அப்பாவும்தான். நிறுத்தி நிறுத்தி பேசுங்க, சில குழந்தைங்க பதிலுக்கு சின்னதா சத்தம் கூட குடுக்கும்! என்ஐசியூ-ல சத்தம் 45 டெசிபலுக்குள்ள இருக்கணும்னு அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் சொல்லுது, அதனால ஃபோன்ல பாட்டு போட்டு உள்ள வைக்குறது, இன்குபேட்டர் மேல தட்டுறது எல்லாம் வேண்டவே வேண்டாம். விரலை விரிக்குது, முகத்தை திருப்புது, விக்கல் வருது, ஆக்சிஜன் குறையுதுன்னா உடனே நிறுத்திட்டு நர்ஸ்கிட்ட சொல்லுங்க. ரொம்ப சீக்கிரமே பொறந்த குழந்தைன்னா எப்ப பேச ஆரம்பிக்கலாம்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.