ஃபியூயல் செல்லுக்குக் காற்று விடும் முறை

ஃபியூயல் செல் என்பது ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் கருவி. இதில் ஹைட்ரஜனைப் பார்த்துப் பார்த்து அளப்பவர்கள்கூட, காற்று என்றால் ‘ஃபேன்தான் ஓடுகிறதே’ என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு ஸ்டாக் (அடுக்கிய செல்களின் தொகுதி) கெட்டுப்போக அது ஒன்றே போதும்.

10 செல் அடுக்கிய, காற்றுப் பக்கம் திறந்திருக்கும் சிறிய பி.இ.எம். (செல்லுக்குள் மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு உள்ள வகை) ஸ்டாக்கை வைத்துச் சொல்கிறேன். 10 ஆம்பியரில் இது சுமார் 60 வாட் தரும்.

முதலில் கணக்கு. அறை வெப்பத்தில் ஒரு செல், ஒரு ஆம்பியருக்கு நிமிடத்துக்குச் சுமார் 3.8 மி.லி. ஆக்சிஜன் எடுக்கும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆகவே காற்றாக 18 மி.லி. வேண்டும். 10 செல், 10 ஆம்பியர் என்றால் 1.8 லிட்டர். அளந்து அவ்வளவே கொடுத்தால், காற்று வழியின் கடைசிப் பகுதிக்கு ஆக்சிஜன் மிஞ்சாது. இரண்டு மடங்காவது கொடுங்கள். இந்த வகை ஸ்டாக்கில் சூட்டை வெளியேற்றுவதும் அதே காற்றுதான் என்பதால், ஃபேன் இதைவிடப் பல பத்து மடங்கு காற்றை நகர்த்த வேண்டியிருக்கும்.

ஃபேனை ஸ்டாக்கிலிருந்து காற்றை உறிஞ்சும் பக்கமாக மாட்டுங்கள். ஊதினால் நடுச் செல்களுக்கும் ஓரச் செல்களுக்கும் சமமாகப் போகாது. காற்று நுழையும் பக்கம் தூசி வடிகட்டி வேண்டும். பக்கத்தில் டீசல் புகை, பெயின்ட் வாடை எதுவும் கூடாது. கந்தகப் புகை செல்லுக்குள் வினையூக்கியாக இருக்கும் பிளாட்டினத்தில் ஒட்டிக்கொண்டால் லேசில் விடாது. அறை ஜன்னல் திறந்தே இருக்கட்டும், ஹைட்ரஜன் தேங்கக் கூடாது.

இனி வரிசை. ஃபேன், ஹைட்ரஜன், கடைசியில் லோடு (மின்சாரத்தை இழுக்கும் கருவி). லோடைக் கூட்டும்போதும் காற்று முந்த வேண்டும். நான் ஒருமுறை அவசரப்பட்டு 4 ஆம்பியரிலிருந்து நேராக 9க்குத் தாவினேன். மொத்த வோல்ட் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் 7வது செல்லில் மல்டிமீட்டர் முனையை வைத்தால் 0.2 வோல்ட்! மற்றவை எல்லாம் 0.6க்கு மேல். அன்றிலிருந்து செல் செல்லாகத்தான் அளக்கிறேன். ஏதாவது ஒன்று 0.4க்குக் கீழே இறங்கினால் உடனே லோடைக் குறையுங்கள்.

சரி, காற்று கூடினதா குறைந்ததா என்று எப்படித் தெரியும்? 10 ஆம்பியரில் இந்த ஸ்டாக் மணிக்குச் சுமார் 34 கிராம் தண்ணீரை உண்டாக்கும். காற்று வழிகளின் வாயில் துளிகள் அடைத்துக்கொண்டு, வோல்ட் விழுந்து விழுந்து எழுந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது: சில விநாடி ஃபேனை வேகமாக்குங்கள். துளியே இல்லாமல் எல்லாச் செல்களும் மெதுவாக ஒன்றுபோல இறங்கினால் மெம்பிரேன் காய்கிறது: சூடு ஏறாதபடி கவனித்துக்கொண்டே ஃபேனைக் கொஞ்சம் தணியுங்கள், அல்லது லோடைக் குறையுங்கள்.

நிறுத்தும்போது முதலில் லோடு, அப்புறம் ஹைட்ரஜன். ஸ்டாக் கைசூட்டுக்கு வந்த பிறகே ஃபேன்.