விலை உயர்ந்த தோல் பைக்கு எந்த நிறம்?

லட்சத்தைத் தொடும் விலையில் தோல் கைப்பை வாங்கப் போகிறீர்களா? கண்ணை மூடிக்கொண்டு கருப்பு என்று சொல்லிவிடாதீர்கள். கருப்பு நல்லதுதான். ஆனால் முகூர்த்தத்துக்குக் கட்டிய மாம்பழ மஞ்சள் பட்டுக்குப் பக்கத்தில் அது ஆபீஸ் பை மாதிரியே நிற்கும்.

என் ஓட்டு, சாம்பலும் பழுப்பும் கலந்த டோப் நிறத்துக்கு. காட்டன் சேலை, சுடிதார், ஜீன்ஸ், பட்டு எதனோடும் சண்டை போடாது. தங்க நகை, வெள்ளி நகை இரண்டுக்கும் ஒத்துப்போகும். அடுத்த இடம் அரக்குச் சிவப்புக்கு.

கிரீம், வெளிர் ரோஜா பக்கம் போகவே வேண்டாம். சென்னை வியர்வையில் புது ஜீன்ஸின் இண்டிகோ சாயம் வெளிர் தோலில் லேசாக ஏறிவிடும், இறங்குவது கஷ்டம். லூயி வுய்ட்டான் பிராண்டின் பைகள் பலவற்றின் கைப்பிடியில் வரும், மேல்பூச்சு இல்லாத வெளிர் வச்செட்டா தோலும் வெயில் பட்டு, கை பட்டு, தேன் நிறத்துக்கு மாறிக்கொண்டே போகும். (அந்த மாற்றத்துக்காகவே வாங்குகிறவர்களும் உண்டு, அது வேறு கதை.)

மால் கடையின் மஞ்சள் விளக்கை நம்பாதீர்கள். நீங்கள் அடிக்கடி உடுத்தும் மூன்று உடைகளை பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். அப்புறம், பையையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், காசு உங்களுடையது.