அங்கன்வாடிப் பணியாளர் பயிற்சி: குடும்பங்களோடு உறவை வளர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிச் சீமையில் அங்கன்வாடியை இன்றும் பலர் ‘பால்வாடி’ என்றும், அதை நடத்தும் பணியாளரை ‘டீச்சர்’ என்றும்தான் அழைக்கிறார்கள். அந்த அழைப்பில் மரியாதை இருக்கிறது. டீச்சர் சொல்லுவார், நாம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிற விலகலும் இருக்கிறது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், குழந்தையின் உடல்நலத்தையும் ஊட்டத்தையும் கவனித்துக்கொள்ளும் திறனைத் தாயிடம் வளர்ப்பதைத் தன் நோக்கங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. ஆனால் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கும் நாங்கள், அந்த விலகலைக் குறைக்க வேண்டிய இடங்களிலேயே கூட்டிவிடுகிறோம்.

பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே யாராவது ஒருவர், “கூட்டம்னு சொன்னா ஒருத்தரும் வாரதில்ல சார், பிள்ளைங்க மேல அக்கறையே கிடையாது” என்பார். அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவதுதான் பயிற்சியாளர் செய்யும் பெரிய தவறு. முக்கூடல், ஆலங்குளம், வீரவநல்லூர் பக்கத்துத் தாய்மார்களில் பலர் வீட்டில் இருந்தபடியே பீடி சுற்றுகிறவர்கள். முதல் நாளே இலையை நனைத்து வைத்து, மறுநாள் வெட்டிச் சுற்றிக் கட்டி, குறித்த நேரத்துக்குள் பீடிக் கடையில் கொண்டு போய்க் கொடுத்தால்தான் கூலி. எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால், கூட்டத்தில் உட்காரும் ஒரு மணி நேரமும் கைக்காசு இழப்புதான். ஆற்றுப்பாசன ஊர்களில் பிசானப் பருவ நெல் நடவு நடக்கும் நாட்களில் பகலில் தெருவே காலியாகக் கிடக்கும். உவரி போன்ற கடலோர ஊர்களிலோ மீன் கரைக்கு வரும் நேரத்தை ஒட்டித்தான் மற்ற எதுவும் நடக்கும். ஆகவே, அக்கறையைப் பற்றிப் பேசும் முன், ஒவ்வொரு பணியாளரும் தம் தெருவிலுள்ள பத்து வீடுகளின் வேலை நேரத்தை ஒரு தாளில் எழுதி, அதைப் பார்த்துக் கூட்டத்துக்கு நேரம் குறிக்கும்படி செய்ய வேண்டும். அரை மணி நேரப் பயிற்சிதான் இது. எழுதி முடித்ததும் பலர் தம் குற்றச்சாட்டைத் தாமே திரும்பப் பெற்றுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுச் சந்திப்பு ஒன்றுக்கு நானும் உடன் சென்றிருந்தேன். தாய் மடியில் சுளகை (முறத்தை) வைத்துப் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தார். பணியாளர் கைப்பேசியில், குழந்தைகளின் விவரங்களைப் பதியும் போஷன் டிராக்கர் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, நின்றபடியே, “கத்தரியைக் கீழே வச்சிட்டுக் கேளுங்க” என்றார். தாய் வைத்துவிட்டார், கேட்டதற்கெல்லாம் “ஆமா டீச்சர், ஆமா டீச்சர்” என்றார், கண் மட்டும் சுளகை விட்டு அகலவில்லை. அடுத்த வீட்டில், உடன் வந்த அங்கன்வாடி உதவியாளர் திண்ணையில் உட்கார்ந்து, “யக்கா, ஒங்க மவன் இன்னைக்குத் தட்ட அவனே கழுவி வச்சான்” என்று தொடங்கினார். அந்தத் தாய் கை ஓயாமல் சுற்றிக்கொண்டே, பையன் இடிச் சத்தத்துக்குப் பயந்து இரவில் தூங்காததையும், ஆச்சி ஊட்டினால் மட்டுமே கீரை தின்பதையும் தாமாகவே சொன்னார். மறுநாளே மையத்தில் பயன்படக்கூடிய செய்திகள் அவை. அந்த உதவியாளரைப் பயிற்சிக்கு யாரும் அழைத்ததில்லை. பெரும்பாலும் அதே தெருவைச் சேர்ந்தவரும் தாய்மார்கள் மனம் திறந்து பேசக்கூடியவருமான அவரை விட்டுவிட்டு, குடும்ப உறவைப் பற்றிப் பணியாளருக்கு மட்டும் கற்பிப்பதில் பாதிப் பயன் போய்விடுகிறது.

எடை பார்க்கும் நாளில் நேரும் தவறு இன்னும் கூர்மையானது. வயதுக்கேற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைக்கக் கற்றுக்கொடுக்கிறோம்; புள்ளி மஞ்சள் பட்டையில் விழுந்தால் எடை குறைவு என்று பொருள். அந்தப் புள்ளியைத் தாயிடம் எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொடுப்பதில்லை. மற்ற தாய்மாரும் மாமியாரும் நிற்கும்போது, “ஒன் பிள்ள மஞ்சள்ல கெடக்கு, வீட்டுல சோறு போடுதியா இல்லியா” என்று கேட்டுவிட்டால், அந்தத் தாய் அடுத்த மாதம் வரமாட்டார். முதலில் தனியாக அழைத்து, “வீட்டுல எதை விரும்பிச் சாப்பிடுதான்?” என்று கேட்டு, சென்ற மாதப் புள்ளியையும் இந்த மாதப் புள்ளியையும் சேர்த்துக் காட்டி, கோடு ஏறுகிறதா, படுத்திருக்கிறதா என்பதைத் தாயே சொல்லும்படி விட வேண்டும். இந்த உரையாடலைப் பயிற்சி அறையில் வாய்விட்டுப் பேசிப் பழக்காமல், தாளில் அச்சிட்டுக் கொடுப்பதால் பயனில்லை. ஒன்று மட்டும் இங்கே விட்டுக்கொடுக்க முடியாதது: 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தையின் மேல்கை நடுப்பகுதியின் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அது கடும் ஊட்டக்குறைவு. தாய் மனம் நோகுமே என்று தயங்காமல், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூடவே சென்று காட்ட வேண்டும்.

குடும்பம் என்றாலே தாய் மட்டும்தான் என்று பாடத்தை அமைப்பதும் தவறு. தகப்பன் வளைகுடாவிலோ திருப்பூரிலோ இருக்கலாம். பகல் முழுவதும் பிள்ளை ஆச்சியிடம் வளரலாம். மேலப்பாளையத்துப் பிள்ளை வீட்டில் தாய் தகப்பனை ‘உம்மா, வாப்பா’ என்று அழைத்தால், மையத்திலும் அவர்களை அதே சொற்களால்தான் குறிப்பிட வேண்டும்.

பிறப்பு முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கென 2024-இல் வெளியான ‘நவசேதனா’ வழிகாட்டி, வீட்டில் பெற்றோர் செய்யக்கூடிய எளிய விளையாட்டுகளைச் சொல்கிறது. அவற்றைப் புதிதாகக் கொண்டுவந்து இறக்குவதுபோல் கற்பிக்காமல், ஆச்சி பாடும் தாலாட்டும், சாய்ந்தாடம்மா சாய்ந்தாடும், சோற்றை உருட்டிக் காக்கா காட்டி ஊட்டுவதும் அதே வேலையைத்தான் செய்கின்றன என்பதைப் பணியாளர் வாயால் தாய்க்குச் சொல்ல வைக்க வேண்டும்.

மூன்று நாள் உரை கேட்டுவிட்டுப் போகிறவர், தெருவுக்குப் போய் உரைதான் நிகழ்த்துவார். அதனால் கடைசி நாள் பிற்பகலை நான் இப்போது வேறுவிதமாக அமைக்கிறேன். அருகிலுள்ள தெருவிலிருந்து இரண்டு தாய்மாரையும் ஓர் ஆச்சியையும் அழைத்து, எங்கள் நாற்காலிகளில் அவர்களை உட்கார வைத்து, பணியாளர்கள் எதைச் சொல்லும்போது தங்களுக்கு வலித்தது, எதைச் சொன்னபோது திரும்பி வரத் தோன்றியது என்று பேசச் சொல்கிறோம். அன்று அவர்கள் சுற்றாமல் விட்ட பீடிக்கான கூலியைக் கணக்கிட்டு, பேச்சு தொடங்கும் முன்பே கையில் கொடுத்துவிடுகிறோம்.