மாடி வீட்டுப் பார்வையை மறைக்க எட்டடிச் செடி போதும்

எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக்கு மேற்கே வெகுநாள் காலியாகக் கிடந்த மனையில் ஒரு மாடி வீடு எழும்பியது. குடிவந்தவர்கள் நல்ல மனிதர்கள். ஆனால் அவர்கள் மாடி ஜன்னல் எங்கள் புறவாசலைப் பார்த்த மாதிரி அமைந்துவிட்டது. அம்மா பாயை விரித்துக் கூழ்வத்தல் பிழிய உட்கார்ந்தால் மேலிருந்து குரல் வரும். "என்ன மைனி, இன்னைக்கு வத்தலா?" அம்மா நிமிர்ந்து, "ஆமாம்மா, கொஞ்சம் போல" என்பாள். நாலு நாள் இப்படி நடந்தது. ஐந்தாம் நாள் மூட்டுவலியோடு மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.

நான் எல்லோரும் செய்வதையே செய்தேன். நர்சரிக்குப் போய்ப் பத்து நெட்டிலிங்கம் வாங்கி மேற்கு மதிலோரம் வரிசையாக நட்டேன். மூன்று வருடம் தண்ணீர் ஊற்றிய பிறகும் ஜன்னல் அப்படியே தெரிந்தது. மரம் வளரவில்லை என்று சொல்ல முடியாது. தூண் மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது; தூணுக்கும் தூணுக்கும் நடுவே ஆகாயமும் ஜன்னலும். மூன்றாம் வருட ஆடிக்காற்றில் நாலு மரம் எங்கள் பக்கமே சாய்ந்தது. தப்பு மரத்தில் இல்லை, நட்ட இடத்தில். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

முதல் வேலை: செடி வாங்காதீர்கள், உட்கார்ந்து பாருங்கள்

வீடு முழுவதையும் மறைக்க நினைத்தால் காடுதான் வளர்க்க வேண்டும். உண்மையில் நமக்கு மறைவு வேண்டிய இடம் ஒன்றோ இரண்டோதான். துவைக்கிற கல், சாயங்காலம் நாற்காலி போடும் இடம், வத்தல் காயப்போடும் இடம். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கேயே உட்காருங்கள். எந்த ஜன்னல், எந்தக் கைப்பிடிச் சுவர் கண்ணில் படுகிறது என்று பாருங்கள். உங்களுக்கு அது தெரிந்தால் அங்கிருந்து நீங்களும் தெரிவீர்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நாற்காலியில் உட்கார்ந்தால் நம் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரம். மாடி ஜன்னலில் நிற்பவர் கண் 16 அடி என்று வைப்போம். இரண்டுக்கும் இடையே தரைத்தூரம் 30 அடி. அப்படியானால் பார்வைக் கோடு 30 அடியில் 12 அடி ஏறுகிறது; பத்தடிக்கு 4 அடி. நாற்காலியிலிருந்து 10 அடி தள்ளிச் செடி வைத்தால் 8 அடி உயரம் போதும். 5 அடி தள்ளி வைத்தால் வெறும் 6 அடி. அதே செடியை 25 அடி தள்ளி மதிலோரம் வைத்தால் 14 அடி வளர வேண்டும். நான் மூன்று வருடம் தண்ணீர் ஊற்றியது இந்தப் பதினான்கு அடிக்குத்தான்.

ஆகவே மறைப்பு நமக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், மதிலுக்குப் பக்கத்தில் அல்ல. இது புரிந்துவிட்டால் மரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம் ஊர் வீடுகளில் பூவுக்கு வைக்கும் செடிகளே போதும்.

கணக்கில் நம்பிக்கை வராவிட்டால் பழைய சேலை இருக்கிறது. செடி வரப்போகும் இடத்தில் இரண்டு மூங்கில் கம்பு நட்டு, எட்டடி உயரத்தில் கயிறு கட்டி, சேலையை நீளவாக்கில் விரித்துப் போடுங்கள். ஐந்தரை மீட்டர்ச் சேலை 18 அடி நீளத்துக்கு வரும். அகலம் நாலடிக்குக் கொஞ்சம் குறைவு, அதனால் கீழே நாலடிக்குக் கொஞ்சம் மேலேயே திறந்து கிடக்கும். கிடக்கட்டும், மாடிப் பார்வை வருவது மேலேயிருந்துதானே. ஒரு வாரம் அப்படியே விட்டு, காலையிலும் மாலையிலும் உட்கார்ந்து பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் நாளே கம்பை மூன்றடி தெற்கே நகர்த்தினோம். செடியை நட்டுவிட்டு நகர்த்த முடியுமா?

நிழலையும் இந்த வாரத்திலேயே கவனியுங்கள். நம் ஊரில் உச்சி வெயில் வருடம் முழுக்க ஒரே பக்கம் இருக்காது. சித்திரை தொடங்கும்போது தலைக்கு நேர் மேலே வரும் சூரியன், அப்புறம் வடக்கே போய் ஆவணியில்தான் திரும்பும். மார்கழி உச்சியில் தெற்கே சரிந்திருக்கும். அப்போது எட்டடிச் செடியின் நிழல் வடக்கே 5 அடி விழும். செடிக்கு வடக்கே கீரைப்பாத்தி இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். மேற்கே மறைப்பு வந்தால் அது வரம். மூன்று மணி வெயிலையும் சேர்த்து மறைக்கும்.

இரண்டாவது: மண்ணும் தண்ணீரும்

திருநெல்வேலிச் சீமையில் பத்து மைல் போனால் மண் மாறிவிடும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தாமிரபரணி கொண்டுவந்த வண்டல். எதை வைத்தாலும் வரும். சங்கரன்கோவில் பக்கம் கரிசல். மழையில் தண்ணீர் கட்டும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். திசையன்விளைப் பக்கம் செம்மணல் தேரி. ஊற்றிய தண்ணீர் போன இடம் தெரியாது.

அதைவிட முக்கியம் போர் தண்ணீர். வாளியில் பிடித்து வைத்த தண்ணீர் காய்ந்ததும் வெள்ளைப் படிவு வருகிறதா? குழாய் வாயில் சுண்ணாம்பு மாதிரி கட்டியிருக்கிறதா? அப்படியானால் இட்லிப்பூவை மறந்துவிடுங்கள். அதற்குப் புளிப்பு மண் வேண்டும். உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீரில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அரளி, காகிதப்பூ, பூவரசு மூன்றும் உப்பைத் தாங்கும்.

மூன்றாவது: காற்று

இதை வெளியூர்ப் புத்தகங்கள் சொல்லாது. ஆனியும் ஆடியும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வரும் காற்றை நம்பித்தான் கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று நம் செடியையும் விடாது. வாழை இலை நார் நாராகக் கிழியும். முருங்கைக் கிளை முறியும். (முருங்கையை மறைப்புக்கு வைக்க நினைப்பவர்கள் கம்பளிப்பூச்சியையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.) ஒல்லியாக உயர்ந்ததைவிடக் குட்டையாக அடர்ந்த புதர்தான் தாங்கும். காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டு வடிகட்டுகிற செடி பிழைக்கும். பச்சை வலையை இழுத்துக் கட்டினால் அது கப்பல் பாய் மாதிரி விரிந்து கம்பையே பிடுங்கிக்கொண்டு போகும். பட்டவன் சொல்கிறேன்.

நான்காவது: எந்தச் செடி?

நான் முதலில் சொல்வது நந்தியாவட்டை. வருடம் முழுக்க இலை நிற்கும், அரை நிழலிலும் வரும், ஆளுயரத்தைத் தாண்டி வளரும், வெட்டினால் கோபப்படாது. அடுக்கு நந்தியாவட்டையைவிட ஒற்றை இதழ்ச் செடி கொஞ்சம் வேகம் என்பது என் அனுபவம். கிள்ளினால் பால் வரும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அதன் குறை.

செம்பருத்தி அதைவிட வேகம். ஒட்டு ரகம் வேண்டாம். ஆச்சிமார் தலைக்கு அரைத்துத் தேய்க்கும் அந்தப் பழைய சிவப்பு ஒற்றைச் செம்பருத்தியே நல்லது. கோடையில் மாவுப்பூச்சி வரும். முதல் வெள்ளைப் புள்ளியைக் கண்டதும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, அந்தக் கொழுந்தை ஒடித்துத் தூரப் போட்டால் பெரும்பாலும் அடங்கும். விட்டுவிட்டால் பத்து நாளில் செடி முழுக்க மாவு பூசிவிடும்.

தண்ணீர்ப் பஞ்சமான வீட்டுக்கு மருதாணி. வெட்ட வெட்ட அடரும், கையில் வைக்கவும் ஆகும். காய்ந்தால் இலை கொட்டும், ஒரு மழையில் திரும்ப வந்துவிடும்.

அரளி வறட்சிக்கும் உப்புக்கும் காற்றுக்கும் அசையாது. நாற்கர சாலையின் நடுவே அதை வைத்திருப்பது சும்மா இல்லை. ஆனால் வேர், இலை, பூ எல்லாமே விஷம். 2024-இல் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை விலக்கியது. தவழும் குழந்தையோ, கட்டி வைத்த ஆடோ இருக்கும் வீட்டில் வேண்டாம். மஞ்சள் அரளிக் கொட்டை இன்னும் மோசம்.

இடம் மிகக் குறைவு, ஓரடி அகலம்தான் உண்டு என்பவர்களுக்குக் கொடி. குழாய்க் கம்பியில் வலை அடித்துப் பிச்சி ஏற்றலாம், சாயங்காலம் மணக்கும். ரங்கூன் மல்லி பேய் வேகத்தில் ஏறும். வெள்ளையாய் மலர்ந்து ரோஸாகிச் சிவப்பாகும் அந்தக் கொத்தைப் பார்த்து மயங்கி மெல்லிய கம்பியில் ஏற்றிவிடாதீர்கள், பாரம் தாங்காது.

வேண்டாதவை இரண்டு. கிளுவை வேலிக்கு நல்லது, மறைப்புக்கு ஆகாது. மறைவு வேண்டிய கோடையில் இலை உதிர்த்துக் குச்சியாக நிற்கும். அப்புறம் கோனோகார்பஸ். "ரெண்டே வருசத்துல சுவர் மாதிரி ஆயிரும் சார்" என்று ஒரு நர்சரிக்காரர் என்னிடமும் தள்ளப் பார்த்தார். அதன் வேர் குழாயைத் தேடிப் போகும் என்பதும், மகரந்தம் ஒவ்வாமை தரும் என்பதும் பரவலான புகார். குஜராத் அரசு 2023-இல் தடை செய்தது, தமிழ்நாடு அரசும் 2025-இல் தடை செய்துவிட்டது.

மூங்கில் கேட்பவர்கள் உண்டு. நர்சரியில் கிடைக்கும் மஞ்சள் மூங்கில் 30 அடிக்கும் மேல் போகும். மனை பெரிதாக இருந்தால் வையுங்கள்.

ஐந்தாவது: நடுதல்

ஐப்பசியில் முதல் இரண்டு மழை விழுந்து மண் இறங்கிய பிறகு நடுங்கள். மழையே பாதி வேலையைச் செய்துவிடும். குற்றாலச் சாரல் எட்டும் தென்காசி, செங்கோட்டைக்காரர்கள் ஆனியிலும் நடலாம். பாளையங்கோட்டைக்கு அந்தப் பருவத்தில் காற்று மட்டும்தான் வரும். சித்திரையில் நடுவது காசைக் கரியாக்குவது.

தனித்தனிக் குழியைவிட ஒரே வாய்க்காலாக ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம் வெட்டுங்கள். தோண்டிய மண்ணோடு மட்கிய சாணி உரம், செடிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. கரிசலில் மணலும் சேர்த்து அரையடி மேடாக்கி நடுங்கள், அடைமழையில் வேர் அழுகாது. தேரியில் நேர்மாறாகப் பள்ளமாக்கி, தென்னை நார்க் கழிவு நிறையச் சேருங்கள்.

இடைவெளி இரண்டரை அடி. இடம் இருந்தால் இரண்டு வரிசை, முன் வரிசைச் செடிகளின் இடைவெளியில் பின் வரிசைச் செடி வருகிற மாதிரி. எங்கள் 12 அடி நீளத்துக்கு முன்னால் ஐந்தும் பின்னால் நாலுமாக ஒன்பது நந்தியாவட்டை. அதில் ஆறு, தெரு முனை வீட்டு அத்தை வெட்டிப் போட்ட குச்சியில் பதியம் வைத்தது. கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி இரண்டையும் விட்டு விலகியே வெட்டுங்கள். மதில் பக்கம் ஆள் நுழைந்து கவாத்து செய்ய இடம் வேண்டும்.

கோடைக்கு இரண்டு செடிக்கு ஒரு பழைய மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி வையுங்கள். சுவர் வழியே கசிந்து வேருக்குப் போகும். எங்கள் வீட்டில் பங்குனியில்கூட மூன்று நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதுமாக இருக்கிறது. மேலே வாழைச்சருகு பரப்பினால் இன்னும் தாங்கும்.

ஆறாவது: வெட்டுதல்

புதிதாகச் செடி வைப்பவர்கள் கை நடுங்கும் இடம் இதுதான். நட்ட செடி வேர் பிடித்துப் புதுத்துளிர் விட்டதும், ஒன்றரை அடி உயரத்தில் நுனியை வெட்டிவிட வேண்டும். உயரத்துக்காக நட்டதை வெட்டச் சொல்கிறானே என்று தோன்றும். வெட்டாத செடி ஒரே குச்சியாக மேலே போய் உச்சியில் குடை விரிக்கும், கீழே ஓட்டையாக இருக்கும். வெட்டினால் வெட்டுக்குக் கீழே உள்ள கணுக்களில் மூன்று நாலு கிளை பிரியும். அவை ஓரடி வளர்ந்ததும் மறுபடி நுனி. முதல் வருடம் மூன்று தடவை. இரண்டாம் வருடம் ஆனிக் காற்றுக்கு முன் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை. வெட்டும்போது அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் இருக்கட்டும். தலை அகன்றால் அடியிலை வெளிச்சம் இல்லாமல் உதிரும்.

தரையிலிருந்து முக்கால் அடி வரை மட்டும் இலையைக் கழித்து, சருகைக் கூட்டித் தள்ளி வையுங்கள். பாம்பு வந்து படுத்தாலும் தெரிய வேண்டுமே.

செடி வளரும் வரை

பனையோலைத் தட்டி கட்டலாம், காற்று அதன் இடுக்கில் புகுந்து போய்விடும். இல்லையென்றால் அளந்து பார்க்கக் கட்டிய சேலையே இருக்கட்டும், ஆனி பிறந்ததும் அவிழ்த்து ஆவணியில் கட்டுங்கள். எங்கள் வீட்டில் அதைக் கடைசியாக அவிழ்த்தது நட்டதிலிருந்து மூன்றாவது தையில். மேற்குப் பக்கம் முழுக்க வெளுத்து, வீட்டுப் பக்கம் மட்டும் பழைய நீலத்தில் இருந்தது. அம்மா அதை நாலாகக் கிழித்து, அந்த மாசியிலேயே புறவாசலில் வத்தல் பிழிய விரித்துவிட்டாள்.