எஸ்பிசிஎல் கம்பைலரை மூலநிரலிலிருந்து கட்டி எழுப்புதல்

வீட்டில் உறைமோர் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கி வந்து பாலில் விடுவோம். அதுவும் கிடைக்காத நாளில் நாலு மிளகாய்க் காம்பைப் போட்டு உறைய வைப்பவர்களும் உண்டு. லிஸ்ப் என்ற நிரல் மொழியிலேயே எழுதப்பட்ட லிஸ்ப் கம்பைலரை (மூலநிரலை இயந்திரக் குறியீடாக மாற்றும் நிரலை) முதன்முதலாகக் கட்டுபவருக்கும் இதே சிக்கல்தான்: அதைக் கம்பைல் செய்ய ஏற்கெனவே ஒரு லிஸ்ப் வேண்டும். கிருஷ்ணகிரியில் மாணவர்களுக்கு இதைச் செய்துகாட்டும்போது நான் லிஸ்பின் ஒரு வகையான காமன் லிஸ்புக்குரிய எஸ்பிசிஎல் கம்பைலரையே எடுத்துக்கொள்கிறேன். அதன் தாயான சிஎம்யூசிஎல், ஓடிக்கொண்டிருக்கும் தன்னையே சிறிது சிறிதாக மாற்றித்தான் புதிய பதிப்பாக முடியும். 1999-இல் வில்லியம் நியூமன் அதிலிருந்து பிரித்தெடுத்த எஸ்பிசிஎல்லுக்கோ வேறொரு காமன் லிஸ்ப் கைகொடுத்தால் போதும்.

லினக்ஸ் கணினியில் சி கம்பைலர், குனு மேக், ஹோஸ்டாக (முதலில் கம்பைல் செய்துதர) ஒரு லிஸ்ப் ஆகிய மூன்றையும் நிறுவிக்கொள்ளுங்கள். உபுண்டுவில் ஆப்ட் என்ற மென்பொருள் நிறுவி வழியாகக் கிடைக்கும் சிலிஸ்ப் என்ற காமன் லிஸ்ப் நல்ல தொடக்கம். அதன் அடித்தளம் சி மொழியில் இருப்பதால் நம் மிளகாய்க் காம்பு அதுவே. எஸ்பிசிஎல் மூலநிரலின் வெளியீட்டுத் தொகுப்பைப் பிரித்து, அந்த அடைவில் ‘மேக்’ ஸ்கிரிப்டை ‘எக்ஸ்சி-ஹோஸ்ட்’ என்ற விருப்பத்துக்குச் சிலிஸ்ப் என்று மதிப்புக் கொடுத்து இயக்கினால் முழு வேலையும் தானாக நடக்கும். ஆனாலும் முதல் முறை அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். ‘மேக்-கான்ஃபிக்’ ஸ்கிரிப்டை அதே விருப்பத்தோடு இயக்கிவிட்டு, அடுத்தடுத்த ஸ்கிரிப்டுகளை ஒவ்வொன்றாக நீங்களே இயக்குங்கள்.

‘மேக்-ஹோஸ்ட்-1’ ஹோஸ்டுக்குள் ஒரு கிராஸ் கம்பைலரை உருவாக்குகிறது. அது சிலிஸ்பில் ஓடினாலும், எஸ்பிசிஎல் ஓடப்போகும் கணினிக்கான இயந்திரக் குறியீட்டையே எழுதும். இதே படியில் சி ஹெடர் கோப்புகளும் (சி நிரலுக்குத் தேவையான அறிவிப்புகள் கொண்டவை) பிறக்கின்றன. பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பான் சி மொழியில் இருக்கிறது. ஆனால் லிஸ்ப் பொருள்கள் நினைவகத்தில் எப்படி அடுக்கப்படுகின்றன என்ற அறிவோ லிஸ்ப் மூலநிரலில்தான் இருக்கிறது. ‘ஜெனிசிஸ்’ அடைவில் உள்ள ‘கான்ஸ்டன்ட்ஸ்’ ஹெடரைத் திறந்து பாருங்கள்: 64 பிட் கணினியில் பட்டியலைச் சுட்டும் முகவரியின் கடைசி நான்கு பிட்டுகள் 0111, அதாவது 7, என்ற வரி அங்கே இருக்கும். இந்த ஒரு வரியைக் கண்ணால் பார்த்தவருக்கு, இந்தப் படி ஏன் முதலில் வர வேண்டும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

‘மேக்-டார்கெட்-1’ அந்த ஹெடர்களை வைத்து, எஸ்பிசிஎல் ஓடுவதற்கு அடித்தளமான சி ரன்டைமைக் கட்டுகிறது. பிறகு ஒரு சிறிய சி நிரலை ஓட்டி, இயங்குதளத்தின் மாறிலிகளையும் ஸ்ட்ரக்ட் எனும் சி தரவுக் கட்டமைப்புகளின் அளவுகளையும் ஒரு லிஸ்ப் கோப்பில் எழுதிவைக்கிறது. முதலில் லிஸ்ப் சி-க்குச் சொன்னது. இப்போது சி லிஸ்புக்குச் சொல்கிறது.

‘மேக்-ஹோஸ்ட்-2’ கிராஸ் கம்பைலரால் மூலநிரலைக் கம்பைல் செய்து, எதையும் இயக்காமலே நினைவகப் படிமமாக அடுக்கி, ‘கோல்டு கோர்’ என்ற கோப்பைத் தருகிறது. பொறுமை அதிகம் தேவைப்படும் படி இது. கோடைக் காற்றில் மாங்காய் உதிரும் ஒரு மாலையில், இந்தப் படியில்தான் எங்களுக்கு மின்சாரம் போனது. அமைப்பு விவரங்கள் ‘அவுட்புட்’ அடைவில் எழுதப்பட்டிருந்ததால், முதலிலிருந்து தொடங்காமல் இந்த ஸ்கிரிப்டை மட்டும் மறுபடி இயக்கினோம்.

‘மேக்-டார்கெட்-2’ அந்தப் படிமத்தை ரன்டைமில் ஏற்றுகிறது. எஸ்பிசிஎல் முதன்முறையாகத் தானே இயங்கி, மிச்சமுள்ள பொருள்நோக்கு அமைப்பைத் தானே கம்பைல் செய்து, இறுதிக் கோர் கோப்பைச் சேமிக்கிறது. துணைத் தொகுப்புகளைக் கட்ட ‘மேக்-டார்கெட்-கான்ட்ரிப்’ இருக்கிறது. நிறுவும் முன் ‘ரன்-எஸ்பிசிஎல்’ மூலம் சோதித்துப் பாருங்கள்.

64 பிட் ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் கணினிக்குக் கட்டுவதானால், பழைய மிச்சங்களை ‘கிளீன்’ ஸ்கிரிப்டால் துடைத்துவிட்டு, கான்ஃபிக் படியில் இலக்குக் கட்டமைப்பைக் குறிப்பிடுங்கள். ஹோஸ்ட் என்று பெயருள்ளவை லேப்டாப்பிலும், டார்கெட் என்று பெயருள்ளவை பையிலும் ஓட வேண்டும். ஹெடர்களை அங்கே அனுப்பி, சி எழுதிய லிஸ்ப் கோப்பை இங்கே கொண்டுவந்து, கோல்டு கோரை மறுபடி அங்கே அனுப்ப வேண்டும். இவற்றுள் ஒன்றின் பழைய பிரதி கலந்தாலும் பிழை எங்கோ தொலைவில்தான் வெளிப்படும். டார்கெட் படி முடிந்துவிட்டால், அடுத்த பதிப்பைப் பை தன்னையே ஹோஸ்டாக வைத்துக் கட்டிக்கொள்ளும்.