டாரட் கார்டு வாசிக்கப் பழகுவது எப்படி? முதலில் படத்தைப் பாருங்கள்

படங்களைப் பார்த்துப் பலன் வாசிக்கும் 78 கார்டுகள் கொண்டது டாரட் கட்டு. அது கைக்கு வந்ததும் பலரும் கூடவே வரும் சின்னப் புத்தகத்தைப் பிரித்து, 78 கார்டுகளுக்கும் அர்த்தம் மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இருபதாவது கார்டுக்குப் போவதற்குள் முதல் ஐந்து மறந்துபோயின. அந்தப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள்.

படி 1: கட்டு

ரைடர்-வெயிட்-ஸ்மித் கட்டையே வாங்குங்கள். 1909இல் லண்டனில் வெளியானது. ரைடர் என்பது பதிப்பகத்தின் பெயர். மறைஞான எழுத்தாளர் ஆர்தர் எட்வர்ட் வெயிட் வகுத்த திட்டத்துக்குப் படம் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். நாம் வாசிப்பது அவர் வரைந்ததைத்தான் என்பதால் ஸ்மித் என்ற பெயரை விடாமல் சொல்வது என் வழக்கம். மார்சேய் என்ற பழைய பாணிக் கட்டில் 'கோப்பை ஐந்து' என்றால் ஐந்து கோப்பைகளும் கொஞ்சம் கொடி அலங்காரமும்தான். ஸ்மித்தோ எண் கார்டுகளிலும் ஆட்களை வரைந்து காட்சியாக்கினார். புதிதாகப் பழகுபவருக்கு அதுதான் பிடிமானம்.

படி 2: பிரித்து அடுக்குங்கள்

மேஜர் ஆர்கானா 22 கார்டுகள். 0 முட்டாளில் தொடங்கி 21 உலகத்தில் முடியும். வாழ்க்கையின் பெரிய திருப்பங்கள் இவை. மீதி 56 மைனர் ஆர்கானா, அன்றாட விஷயங்கள். இந்த 56உம் நான்கு பிரிவுகள்: கோப்பை என்றால் மனசு, வாள் என்றால் எண்ணமும் பேச்சும், கோல் என்றால் ஆர்வமும் செயலும், காசு என்றால் பணம், வேலை, உடம்பு. ஒவ்வொன்றிலும் பதினான்கு கார்டுகள்: ஒன்று முதல் பத்து வரை, அப்புறம் பேஜ் (ஏவலாள்), நைட் (குதிரைவீரன்), குயீன், கிங்.

படி 3: ஒரே கார்டு, ஐந்து நிமிடம்

கோப்பை ஐந்தை எடுத்து முன்னால் வையுங்கள். கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் தலை குனிந்து நிற்கிறார். எதிரே மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதலில் கண்ணில் படுவது இதுதான். இன்னும் பாருங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் கவிழாமல் நிற்கின்றன. தூரத்தில் ஓர் ஆறு, அதன்மேல் ஒரு பாலம், அக்கரையில் ஒரு கட்டடம். போக வழி இருக்கிறது. அவர்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

புத்தகத்தில் 'இழப்பு, வருத்தம்' என்று இரண்டு வார்த்தை இருக்கும். அந்த இரண்டு கோப்பைகளை நீங்களே கண்டுபிடித்துவிட்டால், இந்தக் கார்டு பிறகு மறக்காது.

படி 4: தினம் ஒரு கார்டு

காலையில் கட்டைக் கலைத்து ஒன்று எடுங்கள். கண் முதலில் எங்கே போனது என்று நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். இரவில் அன்று நடந்ததை அதன் கீழே எழுதுங்கள். தலைகீழாக வந்தால் நேராக்கிக்கொள்ளுங்கள். தலைகீழ் அர்த்தங்களை இப்போதே இழுத்துப்போட்டுக் குழம்ப வேண்டாம்.

13ஆம் எண் 'மரணம்' வந்தால் பயப்படாதீர்கள். வெள்ளைக் குதிரையில் வரும் எலும்புக்கூட்டுக்குப் பின்னால், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் தெரியும். ஏதோ ஒன்று முடிந்து வேறொன்று தொடங்குவதாகத்தான் இதைப் பெரும்பாலும் வாசிக்கிறார்கள்.

படி 5: மூன்று கார்டு

'வேலை கிடைக்குமா?' என்று கேட்டால் ஆம், இல்லை என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. 'வேலை தேடுவதில் நான் எதைக் கவனிக்கவில்லை?' என்று கேளுங்கள். மூன்று கார்டு எடுத்து இடமிருந்து வலமாக வையுங்கள்: இப்போதைய நிலை, தடை, செய்யக்கூடியது.

கோப்பை ஐந்து, வாள் இரண்டு, காசு எட்டு வந்ததாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் கவிழ்ந்ததையே பார்த்து நிற்கிறார். நடுவில் ஒரு பெண் கண்ணைக் கட்டிக்கொண்டு, இரண்டு வாள்களை நெஞ்சின் குறுக்கே பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாவதில் ஓர் இளைஞன் பட்டறைப் பலகையில் காசுகளை ஒவ்வொன்றாகச் செதுக்குகிறான். சரி, இப்போது சேர்த்துப் படியுங்கள்: கைவிட்டுப் போன வாய்ப்பையே நினைத்துக்கொண்டு, எந்தப் பக்கமும் முடிவெடுக்காமல் இருக்கிறீர்கள், ஒரு வேலையைப் பொறுமையாகக் கற்றுக்கொள்ளத் தொடங்குங்கள்.

ஒரு மாதம் கழித்து நண்பர்களுக்கு வாசிக்கலாம். நோய், வழக்கு, ஆயுள் பற்றிக் கேட்டால் கார்டை எடுக்காதீர்கள். அவை மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் கேட்க வேண்டியவை. மற்ற கேள்விகளில், நீங்கள் அர்த்தம் சொல்லும் முன் கார்டை அவர் பக்கம் திருப்பி, 'இதில் உங்கள் கண்ணில் முதலில் பட்டது எது?' என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரை பொறுத்திருங்கள்.